“லாஸ்ட் ரேட் என்ன?”: ஓனரிடம் நேரடியாக விலை பேசுவது எப்படி

போன வருடம் வீடு மாறும்போது பழைய ஃப்ரிட்ஜை ஓஎல்எக்ஸில் போட்டேன். ஆறு வருடப் பழசு, ஒற்றைக் கதவு, நன்றாக ஓடுகிறது, காய்கறி ட்ரேயில் ஒரு விரிசல், விலை 7,000 ரூபாய். எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். சாயங்காலத்துக்குள் 11 பேர் செய்தி அனுப்பினார்கள். அதில் ஏழு பேர் எழுதியது ஒரே வரிதான்: “லாஸ்ட் ரேட் என்ன?” ஒரு வணக்கம் கிடையாது. ஃப்ரிட்ஜ் இன்னும் இருக்கிறதா என்ற கேள்விகூடக் கிடையாது. ஒருவர் மட்டும், “சார், ஞாயித்துக்கிழமை காலைல வந்து பாக்கலாமா? கதவு எந்தப் பக்கம் திறக்கும்?” என்று கேட்டிருந்தார். அவருக்கே 6,200-க்குக் கொடுத்தேன். அந்த ஏழு பேரில் ஒருவர் 6,500 தந்திருக்கலாம். அவர்களோடு பேச்சை ஆரம்பிக்கவே எனக்கு மனசு வரவில்லை.

விலை பேசுவதில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். கடையில் செல்லுபடியாகும் பேரத்தை அப்படியே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

தி.நகர் நடைபாதையில் ஒரு பை 400 ரூபாய் என்றால் நாம் 150-இல் ஆரம்பிக்கிறோம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார், நாம் நாலடி நடப்போம், அவர் கூப்பிடுவார். ரெண்டு பேருக்கும் இந்தக் கூத்து தெரியும். நாம் குறைக்கப்போகிறோம் என்று தெரிந்தேதான் அவர் 400 சொன்னார். நாம் வாங்காமல் போனாலும் அவருக்கு அடுத்த ஆள் வந்துவிடுவார்.

சொந்த ஸ்கூட்டரை விற்கும் ரிட்டயர்டு ஆசாமி அப்படியில்லை. அவர் விற்பது ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு முறை. பேசப்போவது அவர் வீட்டு வாசலில். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளேயிருந்து மனைவி கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பேரம் தொழிலல்ல, கொஞ்சம் கூச்சமான காரியம். அந்தக் கூச்சத்தை மதித்து நடப்பதுதான் இதில் நாகரிகம் என்பது.

இன்னொன்றும் இருக்கிறது. தன் பொருளுக்கு ஓனர் சொல்லும் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பேராசை என்று நினைத்துவிட வேண்டாம். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலமானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, மற்றவர்களுக்கு விற்கச் சொன்னார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 5.25 டாலர். இல்லாதவர்கள் தர முன்வந்ததோ 2.25-இலிருந்து 2.75 டாலர் வரைதான். கோப்பை கைக்கு வந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கும். சில நிமிடச் சொந்தத்துக்கே இந்த வித்தியாசம் என்றால், மகளைத் தினமும் காலேஜில் கொண்டுபோய் விட்ட ஸ்கூட்டரைப் பற்றி என்ன சொல்ல? அவர் 42,000 கேட்டால் அதில் இரண்டாயிரமோ மூவாயிரமோ அந்தக் காலேஜ் போக்குவரத்துக்கான விலை. அதை நாம் கொடுக்க வேண்டியதில்லை. கிண்டல் செய்யவும் வேண்டியதில்லை.

சொன்னால் எடுக்க வேண்டும்

புதிதாகப் பழகுபவர்கள் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். நீங்கள் ஒரு விலையைக் கேட்டு, அவர் “சரி, எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டால், நீங்கள் எடுத்தாக வேண்டும். எடுக்கத் தயாராக இல்லாத நேரத்தில் வாயிலிருந்து எண் வரக் கூடாது.

இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. “35-க்குத் தருவீங்களா?” என்று கேட்கிறீர்கள். அவர் யோசித்து, மனசில்லாமல் “சரி” என்கிறார். நீங்கள், “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் சார்” என்று கிளம்புகிறீர்கள். இப்போது அவருக்கு என்ன மிச்சம்? தன் அடி விலை வெளியே தெரிந்துவிட்டது. வண்டியும் விற்கவில்லை. 35-க்குச் சம்மதித்த மனிதருக்கு அடுத்து வருபவரிடம் 42 என்று திடமாகச் சொல்ல வாய் வராது. நீங்கள் ஐந்து காசு செலவழிக்காமல் அவருக்கு நஷ்டம் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

“லாஸ்ட் ரேட் என்ன?” என்பது ஏன் எரிச்சலூட்டுகிறது என்பதும் இதில் புரியும். அந்தக் கேள்வி விற்பவரை முழுதாகத் திறந்து காட்டச் சொல்கிறது. கேட்பவர் எதற்கும் கட்டுப்படவில்லை, பொருளைப் பார்க்கக்கூட இல்லை. விவரமானவர்கள் இதற்கு “நேர்ல வாங்க, பேசிக்கலாம்” என்று பதில் போடுவார்கள். அது மழுப்பல் இல்லை, சரியான பதில்.

நம்மூர் மாட்டுச் சந்தைகளில் இது எப்போதோ தெரிந்த விஷயம். பொள்ளாச்சி மாதிரியான சந்தைகளில் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரலை, எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதில் இருக்கிறது தொகை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சு முறிந்தாலும் “அந்த மாட்டை அவ்வளவுக்குக் கேட்டும் கொடுக்கவில்லை” என்றோ “அவ்வளவு கம்மிக்கா கேட்டார்கள்” என்றோ பெயர் வராது. மாட்டுக்காரரின் மானமும் மாட்டின் மதிப்பும் துண்டுக்குள் பத்திரமாக இருக்கும். எதிர்வீட்டுக்காரர் முன்னால் நாம் விலை பேசும்போது அப்படியொரு துண்டு இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டால் பாதித் துண்டு போட்ட மாதிரி. (அடிமாட்டு விலை என்ற சொல்லும் இதே சந்தையிலிருந்து வந்ததுதான். உழைப்புக்கு ஆகாமல் கறிக்குப் போகும் மாட்டுக்குத் தரும் விலை. அதைக் கேட்டால் ஒருவருக்கு ஏன் சுருக்கென்று தைக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.)

போவதற்கு முன்

எண் சொல்லும் தகுதி வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலையால் வருவது. ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்வோம், அதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் ஒரு நடுநிலையான எண் வேண்டும். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஐடிவி என்று ஒன்று இருக்கிறது, வண்டி திருடு போனால் தரவேண்டிய மதிப்பு. ஷோரூம் விலையில் வயதுக்குத் தக்கபடி கழிப்பார்கள்: ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் என்றால் 20 சதவீதம், மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. ஷோரூமில் 80,000 விற்கும் வண்டிக்கு மூன்றரை வயது என்றால் கணக்கு 48,000-இல் நிற்கும். ஐந்து வருடத்துக்கு மேல் கம்பெனியும் ஓனரும் பேசி முடிவு செய்வதுதான். நன்றாக ஓடும் மாடல்களுக்குச் சந்தை விலை இதற்கு மேலேயே இருக்கும், யாரும் சீந்தாத மாடலுக்குக் கீழே போகும். ஆனாலும் இருவருக்கும் பொதுவான ஒரு எண் இருப்பது பேச்சைச் சண்டையாக்காமல் வைத்திருக்கும். அதோடு அதே ஊரில், அதே வருட மாடல் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு ஐந்தாறு விளம்பரம் பாருங்கள். அவையெல்லாம் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் பதிவான தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, லோன் போட்ட பேங்கின் பெயர் இன்னும் இருக்கிறதா என்பதெல்லாம் வந்துவிடும். லோன் கட்டி முடித்தும் எச்பி, அதாவது வண்டிப் பதிவில் இருக்கும் பேங்கின் அடமானக் குறிப்பை, கேன்சல் செய்யாமல் விட்டவர்கள் நிறைய. அது விலையைக் குறைக்கும் காரணம் இல்லை, விற்பவர் முடித்துத் தரவேண்டிய வேலை. பேங்க் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-ம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

விற்பவர்கள் சிலர் “இன்ஷூரன்ஸ்ல 50 பர்சென்ட் போனஸ் இருக்கு” என்று அதையும் விலையில் சேர்ப்பார்கள். நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, ஆளுக்குத்தான் சொந்தம், வண்டிக்கு இல்லை. அவர் அடுத்து வாங்கும் வண்டிக்கு அதை எடுத்துப் போகலாம், உங்களுக்கு அது வராது. “சார், அது உங்க போனஸ், நீங்க அடுத்த வண்டிக்கு யூஸ் பண்ணிக்கலாம்” என்று சொல்லிக் கொடுங்கள். பேரத்தில் ஒரு வாதம் குறைந்தது, அவருக்கும் ஒரு லாபம்.

வீட்டில் கேட்க வேண்டியவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதும் தெளிவாக இருக்கட்டும். “பொண்டாட்டியக் கேக்கணும்” என்பதை விலை பேசிய பிறகு சொல்லக் கூடாது.

வாசலில்

சொன்ன நேரத்துக்குப் போங்கள். அஞ்சு பேரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு மெக்கானிக் வரட்டும், ஆனால் “கூட மெக்கானிக் வர்றார், பரவாயில்லையா?” என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். மெக்கானிக் வண்டியைப் பார்க்கத்தான், விலை பேச இல்லை என்று அவரிடமும் சொல்லி வையுங்கள். சில மெக்கானிக்குகளுக்கு உதட்டைப் பிதுக்குவதே ஒரு கலை. ஓனர் முன்னால் அதை அரங்கேற்ற விடாதீர்கள். பெண்கள் தனியாகப் போவதாக இருந்தால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போவதில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஓட்டிப் பார்க்க வண்டியை எடுக்கும்போது, கேட்காமலே உங்கள் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஒரு காரியம் செய்யும் நல்லதை எந்த இனிப்பான பேச்சும் செய்யாது.

பார்க்கும் வரை பார்ப்பது மட்டுமே. “இங்க கீறல் இருக்கே”, “சத்தம் வருதே” என்று ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். மனசுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. “புது டயர் போட்டிருக்கேன்” என்று சொல்லும் டயருக்கு ஐந்து வயது என்று அது காட்டினாலும், “பொய் சொல்றீங்க” என்று கிளம்பாதீர்கள். பல பேருக்கு அந்த எண் இருப்பதே தெரியாது, கடைக்காரர் போட்டதைப் போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

2022-இல் நான் வாங்கிய ஸ்கூட்டர் 2018 மாடல். திருச்சி கே.கே. நகரில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வீடு. 42,000 போட்டிருந்தார். பார்த்து, ஓட்டி, வந்து உட்கார்ந்த பிறகு பேசியது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

“சார், வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. நல்லா வச்சிருக்கீங்க. பின் டயரும் பேட்டரியும் நான் உடனே மாத்தணும், மெக்கானிக் மூவாயிரம் கிட்ட ஆகும்ங்கறார். 37-ன்னா இப்பவே அட்வான்ஸ் கொடுத்துடறேன்.”

“37-க்கு வராது தம்பி. போன மாசம்தான் சர்வீஸ் விட்டேன். ஒரு 40 கொடுங்க.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்தார். குடித்தோம்.

“39-ல முடிச்சுக்கலாமா சார்? பேர் மாத்தற செலவு, அலைச்சல் எல்லாம் என்னோடது. இந்த வாரத்துலயே முடிச்சுடறேன்.”

அவர் மனைவியைப் பார்த்தார். “சரி, எடுத்துக்கோங்க.”

இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. வண்டி பிடித்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை. பிடிக்காத மாதிரி நடிக்க வேண்டும் என்பது கடைப் பாடம். வீட்டில் அது, “அப்புறம் எதுக்குய்யா வந்தே?” என்ற எண்ணத்தைத்தான் கிளப்பும். குறைகளை நான் குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கு ஆகப்போகும் செலவாகச் சொன்னேன். கேட்ட விலையிலிருந்து 12 சதவீதம் போலக் கீழே ஆரம்பித்தேன். பத்திலிருந்து பதினைந்துக்குள், அதுவும் காரணத்தோடு என்றால் யாருக்கும் வலிக்காது என்பது என் அனுபவம். பாதி விலைக்குக் கேட்கத் தோன்றினால் கேட்காதீர்கள். “உங்க வண்டிக்கு அது நியாயமான விலையா இருக்கலாம் சார், என் கைக்கு எட்டல” என்று எழுந்துவிடுவது மேல். அப்படி எழுந்து வந்தவர்களுக்கு ரெண்டு வாரம் கழித்து ஃபோன் வந்த கதைகளும் உண்டு. இரண்டு சுற்று பேசலாம், மிஞ்சினால் மூன்று. அதற்குப் பிறகு ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் இழுப்பது அவருடைய அன்றைய நாளைக் கெடுப்பது.

கடைசியில் எண்ணை நகர்த்தியது அந்த “பேர் மாத்தற செலவு என்னோடது” என்ற வரி என்று இன்றும் நினைக்கிறேன். வண்டி விற்பவருக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 என்பவை இதற்குத்தான். வாங்கியவர் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால் ஃபைனும் வழக்கும் பழைய ஓனர் வீட்டுக்கு வரும். கைமாறிப் போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே “இந்த வாரமே பேர் மாத்திடறேன்” என்பது விற்பவரின் காதுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பெறும். நமக்கோ எப்படியும் செய்யவேண்டிய வேலை. விலையை மட்டுமே கசக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் கண்ணில் படுவதில்லை: அன்றே வந்து எடுத்துப் போவது, ஏணிப்படியில் இறக்க ஆள் நாமே கொண்டுவருவது, ஃப்ரிட்ஜ் என்றால் அவர் வீடு காலி செய்யும் நாள் வரை பொறுத்திருப்பது.

முடிந்த பிறகு

அட்வான்ஸ் கொடுத்தால் எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை அங்கேயே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். சந்தேகப்பட்டு இல்லை, ரெண்டு பேர் ஞாபகமும் ஒரே மாதிரி இருக்கத்தான். நீங்கள் பின்வாங்கினால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்பதைப் பற்றி ஊருக்கு ஊர் கருத்து வேறு. என் கட்சி இது: உங்களை நம்பி அவர் நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தால் கேட்காதீர்கள். மறுநாளே சொல்லிவிட்டால் கேட்கலாம். விற்பவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும், அதில் ரெண்டு கருத்து இல்லை. ஆன்லைனில் பழக்கமில்லாத விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் உங்களுக்கு வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. “க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்” என்று சொல்பவர் உங்கள் பணத்தைத்தான் எடுக்கப் பார்க்கிறார்.

மன்னிக்கவே முடியாதது ஒன்று உண்டு. 39-க்குப் பேசி முடித்து, மினி லாரியோடு வந்து நின்று, “கைல 37தான் இருக்கு, பாத்துக் கொடுங்க” என்பது. வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்து, சாவியை எடுத்து வைத்து, பிள்ளைகளிடம் சொல்லி முடித்திருப்பார். இனி வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பு இருக்காது. அதைத் தெரிந்தே செய்வது பேரமில்லை. புதிதாக ஒரு கோளாறு கண்ணில் பட்டால் அது வேறு, நின்று பேசலாம்.

பேசாமலே கொடுத்துவிட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. சந்தை விலையைவிடத் தெளிவாகக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குப் பேரம் பேசும் மனசோ நேரமோ இல்லை என்று அர்த்தம். இறந்துபோனவரின் கண்ணாடி அலமாரியை விற்கிறார்கள் என்றால், அதில் 300 ரூபாய் குறைத்து நாம் கட்டப்போவது ஒன்றுமில்லை. அவசரத்துக்கு விற்கிறார்கள் என்பது ஆஸ்பத்திரி ரசீது மேசைமேல் கிடப்பதில் தெரிந்தால், அதை நீங்கள் பார்க்கவில்லை.

அந்த ஸ்கூட்டருக்குப் பதினோராம் நாள் பெயர் மாறியது. அதற்கு மறுநாள் காலை அந்த ரயில்வேக்காரர் ஃபோன் பண்ணினார். பயப்படுகிறார் போல என்று நினைத்து, “ஆர்சி மாறியாச்சு சார், ஃபோட்டோ அனுப்பறேன்” என்றேன்.

“அது வரட்டும் தம்பி. காலைல சோக் போட்டுத்தானே ஸ்டார்ட் பண்றீங்க?”